பெயர்த்து நட்ட வீடுகள்

முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவைப் பொம்மைக் கொலு என்று எள்ளுவது நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. செட்டிநாட்டு வீட்டை அதன் மண்ணிலிருந்து பெயர்த்துக் கடற்கரையில் நட்டால் அது வீடாகுமா என்கிறார்கள். முதற்பொருளாகிய நிலத்தை நீக்கிவிட்டுக் கருப்பொருளை மட்டும் காட்டலாமா என்று தொல்காப்பியரையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் உண்டு. ஊருணியும் தெருவும் பங்காளிகளும் இல்லாத இடத்தில் நிற்பது பாதி வீடுதான். ஆனால் நண்பர்கள் தவறான வாசலில் நின்று கேட்கிறார்கள்.

அவ்வீடுகள் ஏன் பெயர்ந்தன? 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் நகரத்தாரின் அக்கரைத் தொழில் நொறுங்கியது. வருவாய் நின்றது, வாரிசுகள் பெருகினர். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்ற ஒன்றுகூடாத பங்காளிகள், விற்பதற்கு ஒன்றுகூடினர். தேக்குத் தூண் தனியாக, நிலைக்கதவு தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அன்று எவரும் முதற்பொருளைப் பற்றிப் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

பேசாமல் செயலில் இறங்கியது மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அறக்கட்டளை. இடிபடவிருந்த வீடுகளை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியது. லாரி பேக்கர் வகுத்துக் கொடுத்த அமைப்பில் வளர்ந்த அவ்வளாகம் 1996இல் திறக்கப்பட்டது. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடும் அங்கே நிற்கிறது. அவ்வீடுகளின் நடுவே கைவினைஞர்கள் தொழில் செய்து காட்டுகிறார்கள். வகுப்பில் ஒருமணி நேரம் விளக்கியும் விளங்காத ‘வளவு’, ‘பட்டாலை’ என்னும் சொற்கள், அங்கே நடந்து பார்க்கும் மாணவர்க்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடுகின்றன.

நண்பர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுவோம். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சென்னைக்குப் பெயர்ந்தன. 1994இல் ஆய்வு நூலகமாயின. அதே செட்டிநாட்டு மண்ணிலிருந்து வேரோடு வந்தவைதாம் அவையும். அவற்றைக் கொலு என்று நாம் சொல்வதில்லை. அன்றாடம் பயன்படுத்துகிறோம், நன்றி சொல்கிறோம். காகிதத்துக்கு ஒரு நீதி, தேக்குக்கு ஒரு நீதியா?

வீடு அதன் ஊரிலேயே நிற்பதுதான் சிறப்பு. கானாடுகாத்தானில் சில வீடுகள் விடுதிகளாகி, நின்ற இடத்திலேயே பிழைத்திருக்கின்றன. அதுவும் இயலாதபோது கடைசி வழி பெயர்த்து நடுவது. அக்கடைசி வழியைச் செய்தவர்களை ஏளனம் செய்யுமுன், நம் ஊரில் இன்னும் நிற்கும் பழைய வீடு ஒன்றிற்கு நாம் என்ன செய்தோம் என்று சொல்வோம். ஒரு வாசகசாலைக்கேனும் அதை வாடகைக்குக் கேட்டோமா?