நிலைக்காலில் இரத்தம், வீட்டுக்குள் சாதி



பஸ்கா என்றதும் நிலைக்கால்களில் பூசப்பட்ட இரத்தத்தை நினைக்கிறோம். அந்த ஆட்டை யாரோடு புசிக்கவேண்டும் என்ற கட்டளையையோ எளிதில் கடந்துபோகிறோம். வீட்டார் கொஞ்சப்பேராயிருந்தால் அண்டைவீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் (யாத்திராகமம் 12:4). அவர்கள் எந்தக் கோத்திரத்தார் என்று அவ்வசனம் கேட்கவில்லை. அந்த இரவில் கர்த்தர் பார்த்தது குலத்தையல்ல, இரத்தத்தையே.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். ஆட்டுக்குட்டியின் இரத்தம் வேண்டும், அதே பாத்திரத்தில் பானம்பண்ணும் சகோதரன் வேண்டாம் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

அவர்களைப் பழிக்க நமக்கு என்ன தகுதி? சாரல் காலத்தில் குற்றால அருவியில் முன்பின் அறியாதவரோடு தோளுரச நிற்கிறோம். ஒரே திருவிருந்தில் பங்குபெற்ற குடும்பத்தில் சம்பந்தம் பேசவோ சாதியை விசாரிக்கிறோம்.

"அது முன்னோர் வழக்கம்; இரட்சிப்பு வேறு" என்பார் சிலர். பேதுருவோ, முன்னோரால் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையினின்றே குற்றமற்ற ஆட்டுக்குட்டியின் இரத்தத்தால் மீட்கப்பட்டோம் என்கிறார் (1 பேதுரு 1:18, 19). எதிலிருந்து மீட்கப்பட்டோமோ, அதையே காத்துக்கொண்டு மீட்பைக் கொண்டாடுவது எப்படி?

பெரிய வியாழன் பந்திக்கு வருமுன், உங்கள் வீட்டில் இதுவரை உணவருந்த அழைக்கப்படாத சபையார் ஒருவரை அழையுங்கள். ஆட்டுக்குட்டியானவர் அவருக்காகவும் அடிக்கப்பட்டார்.