தலையெழுத்தா? ஜீன் எழுத்தா?

நமது நாட்டில் ஒருவருக்குக் கொடிய வியாதி வந்துவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல யாரும் யோசிப்பதே இல்லை. தலையெழுத்து, முன்ஜன்ம வினை, சனியன் பார்வை, செய்வினை என்று ஏதாவது ஒன்று தயாராக இருக்கிறது. இப்படிச் சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: அந்தத் தலையெழுத்தை யாராவது படித்துப் பார்த்ததுண்டா? அதில் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று காட்டியதுண்டா?

விஞ்ஞானிகள் வேறொரு எழுத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் ஓர் உறுப்பு. அதில் தோன்றும் புற்றுநோய் மிகக் கொடியது. நம் உயிரணுக்களுக்குள் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஜீன்கள் இருக்கின்றன. அவற்றில் கேராஸ் என்பது, வளரும்படி உயிரணுவுக்கு உத்தரவு கடத்தும் ஜீன். கணையப் புற்றுக்காரர் 100 பேரில் சுமார் 90 பேரிடம் இந்த ஜீனில் பிழை காணப்படுகிறது. பெரும்பாலும் அதன் 12-வது சொல்லில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவ்வளவுதான், உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு காவல் காக்கும் ஜீன்களும் ஒவ்வொன்றாய்க் கெடுகின்றன. டில்லி எய்ம்ஸில் படித்து அமெரிக்கா சென்ற அனிர்பன் மைத்ரா முதலானோர், புற்றாவதற்கு முந்திய நிலையிலேயே இக்கேடுகள் படிப்படியாய் ஏறுவதை 2003-ல் எடுத்துக்காட்டினார்கள். முதற் பிழையிலிருந்து புற்று உண்டாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதென்று 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அப்படியானால் போன வருஷத்துச் சனிப்பெயர்ச்சிக்கும் பக்கத்து வீட்டுக்காரி கண்ணுக்கும் இதில் என்ன வேலை?

நிற்க, இதை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் உள்ள தோழர்களுக்கு நாம் விசேஷமாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி வந்தால் அது பித்தக் குழாயை நெருக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். பல சமயங்களில் வலிகூட இராது. லைன் வீடுகளில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் பலர் முதலில் போவது மந்திரிக்கிறவனிடந்தான். அவன் நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் மஞ்சளானதும் காமாலை இறங்கிவிட்டது என்கிறான். முன்கூட்டியே மாம்பட்டைச் சாற்றைத் தடவிவிட்டால், காமாலையே இல்லாதவன் கையிலிருந்தும் அப்படியே இறங்கும். சந்தேகமுள்ளவர்கள் செய்து பார்க்கலாம்.

அவனிடம் போய்ப் பலர் பிழைத்தார்களே என்பார்கள். பிழைத்தது உண்மை. அசுத்தத் தண்ணீரால் வரும் கிருமிக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடும். அந்தப் பெருமையை மந்திரவாதி எடுத்துக்கொள்ளுகிறான். புற்றால் காமாலை வந்தவன் இறந்தால், அப்பொழுது மாத்திரம் தலையெழுத்து வந்துவிடுகிறது. பிழைத்தால் மந்திரம், செத்தால் விதி! இந்த வியாபாரத்தில் நஷ்டமே கிடையாது.

விஞ்ஞானம் இப்படித் தப்பித்துக்கொள்ளுவதில்லை. 100-க்கு 15 அல்லது 20 பேருக்குத்தான் ஆபரேஷன் செய்யக்கூடிய சமயத்தில் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்று தன் குறையைத் தானே சொல்லுகிறது. கேராஸை மருந்தால் தொடவே முடியாதென்று சுமார் முப்பது வருஷம் நினைத்திருந்தது. 2013-ல் கெவன் ஷோகட் என்பவரும் அவர் சகாக்களும், அதன் ஒருவகைப் பிழையில் மருந்து நுழையக்கூடிய ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் நுரையீரல் புற்றுக்கு அந்த வழியில் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கணையத்தில் அதிகமாய்க் காணும் பிழை வேறு வகை. அதற்காகவும் பாடுபடுகிறார்கள்.

நீலகிரிக்கு இது புதிய பாடம் அல்ல. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மந்திரித்துக்கொண்டிருந்த நாட்டுக்கு ஊசி கிடைத்தது. இன்று வெறிநாய் கடித்தவன் ஊசி போடாமல் மந்திரிக்கப் போனால் அவன் வீட்டாரே தடுப்பார்கள். காமாலைக்கு மாத்திரம் ஏன் பழைய புத்தி?

கண் மஞ்சளானவர்களுக்கெல்லாம் புற்று என்று நாம் பயமுறுத்தவில்லை. எது என்று தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம். ஊட்டியிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. தோட்ட முதலாளிகள் அன்றையக் கூலியைப் பிடிக்காமல் தொழிலாளியை அங்கே அனுப்பட்டும். தொழிலாளத் தோழர்களும் பீடியை விடட்டும். புகையும் இப்புற்றுக்கு ஒரு காரணம் என்று அறியப்பட்டிருக்கிறது. மந்திரவாதியின் வாசலில் கழியும் ஒவ்வொரு வாரமும் கத்தி வைக்கும் காலத்தைக் கடத்திவிடக்கூடும் என்பதை ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.