சட்டியில் இல்லாததும் வரும்

உயிரணுவுக்குக் கணித மாதிரி போடுகிற அமைப்பு உயிரியலாளர்களைப் பற்றி ஆய்வக வட்டாரங்களில் ஓர் ஏளனம் உண்டு. சோதனையில் ஏற்கெனவே கிடைத்ததைச் சமன்பாட்டில் போட்டு, அதையே திருப்பி எடுத்துக் காட்டுகிறார்களாம். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

1993-இல் நோவாக், டைசன் என்ற இரு மாதிரியாளர்கள் தவளை முட்டைச்சாற்றின் உயிரணுப் பிளவுச் சுழற்சிக்குச் சமன்பாடு எழுதினார்கள். அதில் போட்டதெல்லாம் அன்று தெரிந்திருந்த நொதி வினைகள்தான். வந்ததோ யாரும் அளந்து பார்த்திராத ஒன்று. சைக்ளின் என்ற புரதம் ஓர் அளவைத் தாண்டினால்தான் சாறு பிளவு நிலைக்குள் நுழையும்; நுழைந்துவிட்டாலோ, அதைவிடக் குறைந்த சைக்ளினே அதை அங்கு நிறுத்திவைக்கப் போதும். அப்படியானால் இடைப்பட்ட ஒரே அளவில் ஒரு குழாய்ச் சாறு பிளவில் இருக்கும், பக்கத்துக் குழாயில் இருக்காது. முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதே தீர்மானிக்கும். பத்தாண்டு கழித்து, 2003-இல், சிதையாத சைக்ளினைக் கலந்து சோதித்தார்கள். நுழைய 32 முதல் 40 நானோமோலார் வேண்டியிருந்தது. வெளியேறும் எல்லை 16-க்கும் 24-க்கும் இடையில் இருந்தது. எல்லையை ஒட்டிய அளவில் நுழைவு வெகுவாகத் தாமதமாகும் என்ற, அதே மாதிரியின் இன்னொரு கணிப்பும் பலித்தது. எதை அளக்க வேண்டும் என்று சொன்னதே சமன்பாடுதான்.

மாறிலிகளை இஷ்டத்துக்குத் திருகினால் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாம் என்பது அடுத்த புகார். பொருத்தலாம்தான். அப்படிப் பொருத்திக் கட்டுரை போடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் 1952-இல் வெளியான ஆய்வில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற உடலியலாளர்கள் கணவாயின் நரம்பிழையில் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்துவைத்து, அந்த அளவீடுகளிலிருந்து மாறிலிகளை எடுத்தார்கள். அதன் பிறகே, கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஹக்ஸ்லி, நரம்புத் துடிப்பு ஓடும் வேகத்தைக் கணக்கிட்டார்: நொடிக்கு 18.8 மீட்டர். அளந்தது 21.2. வேகத்துக்காக ஒரு மாறிலியையும் தொடவில்லை.

மாதிரி பொய்த்தால் உழைப்பெல்லாம் வீண் என்கிறார்களே, அதுவும் சரியில்லை. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற பாக்டீரியாவின் 525 மரபணுக்களையும் கணக்கில் கொண்ட முழு உயிரணு மாதிரி 2012-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளியானது. மரபணு நீக்கிய சில வகைகளின் வளர்ச்சி வேகத்தில் அது சறுக்கியது. எந்த நொதியின் வேக எண் தப்பாக இருக்கலாம், சரியானது எவ்வளவு என்பதை அந்தச் சறுக்கலை வைத்தே கணித்தார்கள். நொதிகளை ஆய்வகத்தில் அளந்தபோது கணிப்பு ஒத்துவந்தது.