கண்ணை ஏமாற்றும் கணக்குப் படங்கள்

கணக்குகளைப் படம் போட்டுக் காட்டும் வழக்கம் இப்போது எங்கும் பெருகிவிட்டது. பத்திரிகையைப் பிரித்தாலும், கைபேசியைத் திறந்தாலும், தேர்தல் காலத்துத் துண்டறிக்கையைப் பார்த்தாலும் வட்டமும் கட்டையும் வர்ணக் கோடுகளுமாகவே இருக்கின்றன. இது கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே கஷ்டப்படுகின்ற ஒருவன், தன்னை ஆளுகின்றவர்களின் வரவு செலவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், படத்தைப்போல் உதவக்கூடியது வேறொன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் மனிதக் கண்ணின் இயல்பறிந்து வரையப்பட்டதா என்பதே நமது கேள்வி.

உதாரணமாக, வருமானம் இரட்டித்தது என்று காட்டுவதற்கு ஒரு கட்சியார் இரண்டு பணமூட்டைகளை வரைகின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். இரண்டாவது மூட்டைக்கு முதல் மூட்டையைப்போல் இரண்டு பங்கு உயரம். உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்குமல்லவா? ஆகவே காகிதத்தில் அது அடைக்கும் இடம் நான்கு பங்காகிவிடுகின்றது. மூட்டையென்றே நினைத்துப் பார்க்கின்றவனுக்கோ அது எட்டுப் பங்கு பணம் கொள்ளும் மூட்டை! எழுதியிருக்கும் எண்ணில் பொய்யில்லை. பார்ப்பவன் மனதில் பதிவது மாத்திரம் பொய். இதற்கு யார்மீது வழக்குத் தொடுப்பது?

இன்னொரு தந்திரமும் உண்டு. 100க்கும் 102க்கும் உள்ள வித்தியாசம் அற்பமானது. கட்டைகளைப் பூஜ்யத்திலிருந்து எழுப்பாமல் 98லிருந்து எழுப்பிவிட்டால், ஒன்று மற்றொன்றைப்போல் இரண்டு பங்கு உயர்ந்து நிற்கும். எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களே இதில் விழுந்துவிடுகின்றார்கள்.

ஒரே அடிக்கோட்டின்மேல் நிற்கும் உயரங்களை ஒப்பிடுவதில் நமது கண் அதிகம் தவறுவதில்லை. வட்டத்தைத் துண்டு போட்டால் தவறு கூடுகின்றது. பரப்பையும் பருமனையும் மதிப்பிடுவதில் இன்னும் மோசம். அமெரிக்காவில் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் இதனை ஆராய்ந்து 1984ல் வெளியிட்டார்கள்.

நிற்க, அதற்கு வெகுகாலம் முன்னரே வியன்னா நகரத்தில் இது அனுபவத்தில் கையாளப்பட்டிருக்கின்றது. முதல் மகாயுத்தத்துக்குப் பின் அந்நகரசபை சமூக ஜனநாயகக் கட்சியார் கையிலிருந்தது. வரிப்பணத்தைக்கொண்டு தொழிலாளருக்கு வீடுகள் கட்டினார்கள். சுகாதார வேலைகள் செய்தார்கள். பணம் கொடுத்த ஜனங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஆட்டோ நியூராத் என்னும் அறிஞர் 1925ல் ஒரு பொருட்காட்சிசாலை ஏற்படுத்தினார். அங்கு வைத்த விதி ஒன்றுதான் முக்கியமானது: தொகை கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக்கூடாது, அதே அளவுள்ள உருவங்களை வரிசையில் கூட்டி வைக்கவேண்டும். ஓர் உருவம் இத்தனை ஆயிரம் பேர் என்று சொல்லிவிட்டால், எண்ணத் தெரிந்த எவனும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். புள்ளிவிவரக்காரர் கொடுக்கும் குவியலிலிருந்து எதைக் காட்டுவது என்று பொறுக்கி அமைக்கும் வேலை மேரி ரைடமைஸ்டர் அம்மையாருடையது. உருவங்களைச் சுருக்கமாக வெட்டிக் கொடுத்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் சித்திரக்காரர்.

படித்தவர்கள் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்பார்கள். சில்லறை எண்கள் விட்டுப்போகுமே என்பார்கள். போகட்டும். சரியான எண்ணைப் படித்து மறப்பதைவிடத் தோராயமான அளவை ஞாபகத்தில் வைத்திருப்பது மேலென்பது நியூராத்தின் அபிப்பிராயம். நமது அபிப்பிராயமும் அதுவே. கணக்கு ஜனங்களுக்குப் புரியாமலிருப்பதில் லாபமடைகின்ற கூட்டமொன்று எந்நாட்டிலும் உண்டு. புரியாத மந்திரத்துக்குத்தானே தட்சணை அதிகம்!

1934ல் வியன்னாவில் சமூக ஜனநாயகக் கட்சி நசுக்கப்பட்டபோது அந்த ஸ்தாபனமும் ஒழிந்தது. நியூராத் ஹாலந்துக்குப் போனார். 1940ல் ஹிட்லர் படை அங்கும் வரவே, ஒரு படகிலேறி இங்கிலாந்து சேர்ந்தார். 1945ல் அவர் இறந்த பிறகு, அவரை மணந்திருந்த மேரி அம்மையார் வேலையை விடவில்லை. 1950களில் மேற்கு நைஜீரியாவுக்குச் சென்று, கல்வி, சுகாதாரம் முதலியவற்றைப் பற்றி அங்குள்ள ஜனங்களுக்குப் படப்புத்தகங்கள் தயாரித்தார். வியன்னாவின் உருவங்களை அப்படியே அங்கு ஒட்டிவிடாமல், அந்நாட்டாருக்குப் பழக்கமான உருவங்களைத் தேடினார்.

வர்ண விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகின்றோம். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்குச் சிவப்பு, பச்சை பேதம் சரியாகத் தெரிவதில்லையாம். அப்படிப்பட்டவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கின்றார்கள். லாபத்துக்குப் பச்சை, நஷ்டத்துக்குச் சிவப்பு என்று பூசிவிட்டுப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட எழுதாவிட்டால் அவர்கள் கதி என்ன?

லினோலியத்தில் கத்தியால் வெட்டி உருவம் செய்த காலத்தில் இவ்வளவு கவலையெடுத்துக்கொள்ள முடிந்ததென்றால், ஒரு நொடியில் யந்திரம் வரைந்து கொடுக்கின்ற இக்காலத்தில் நம் பத்திரிகைக்காரர்களுக்குக் கட்டையைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்கு என்ன தடை என்று கேட்கின்றோம்.