சுவரை உடைக்குமுன் கேளுங்கள்

பிரிட்டனில் நீல, பழுப்பு அஸ்பெஸ்டஸ் 1985இலும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் 1999இலும் தடைசெய்யப்பட்டன. 'அது முடிஞ்ச கதை' என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால் தடை புதிதாகப் பாவிப்பதைத்தான் நிறுத்தியது. 2000க்கு முன் கட்டிய வீடுகளில் கராஜ் கூரைச் சீற்றிலும், பழைய ஆர்டெக்ஸ் பூச்சிலும், தரை ஓட்டிலும் அது இன்றும் இருக்கலாம்.

பார்க்கிங்கில் (கார் விடுகிற பார்க்கிங் இல்லை, கிழக்கு லண்டன் ஊர்) கேப் நிறுவனத்தின் அஸ்பெஸ்டஸ் ஆலை 1913 முதல் 1968 வரை இயங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் மட்டுமா செத்தார்கள்? அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும், ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. மூச்சோடு உள்ளே போன நார் நோயாக வெளிப்பட 20, 30, சிலவேளை 50 வருடமும் எடுக்கும்.

2012ஆம் ஆண்டு விதிகளின்படி கடை, பாடசாலை, அலுவலகம், மாடிக் குடியிருப்பின் பொதுப் படிக்கட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் எங்கே இருக்கிறது என்று அவர் அறிந்து பதிய வேண்டும். உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே அந்தக் கடமை இல்லை. வேலைக்கு வருகிற பில்டர் உடைக்குமுன் பார்க்க வேண்டும் என்பது சட்டம்தான். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் லொஃப்ட் எடுக்கிற, குசினி பெருப்பிக்கிற எங்கட ஆட்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறோம்? கைக்காசு, ரசீது இல்லை, சனிக்கிழமைக்குள் முடிக்க வேணும். தூசியை முதலில் குடிப்பது ஏணியில் நிற்கிற பெடியன். விசாச் சிக்கலில் இருப்பவன் என்றால் அவன் வாயே திறக்கமாட்டான்.

ஊரில் நிலைமை இன்னும் மோசம். அஸ்பெஸ்டஸை 2018 முதல் கட்டுப்படுத்தப் போவதாக இலங்கை அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ஒரு வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகில் அதிக அஸ்பெஸ்டஸ் தோண்டுகிற நாடும் ரஷ்யாதான். கொழும்பு கட்டுப்பாட்டைக் கைவிட்டது, தேயிலை மறுபடி போனது. நாங்கள் காசு அனுப்பிக் கட்டுவிக்கிற வீடுகளுக்கு என்ன கூரை போடுகிறார்கள் என்றாவது கேட்போமா?

இங்கே ஒரு வீட்டை விற்க எரிசக்திச் சான்றிதழ் கட்டாயம். அஸ்பெஸ்டஸ் அறிக்கை கட்டாயமில்லை. அதையும் கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். அதுவரைக்கும், பில்டர் சுத்தியலைத் தூக்குமுன் ஒரு சிறு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். அந்தத் துண்டையும் நீங்களே சுரண்டி எடுக்க வேண்டாம், பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.