ராட்டினத்துக்கு எந்த மாதம்?

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஹைக்கூக்களில் கார்னிவலுக்குக் குறைவில்லை. ராட்டினம், மரணக் கிணறு, பஞ்சு மிட்டாய் எல்லாம் உண்டு. ஆனால் முதல் வரியில் ராட்டினம் ஏறினால் மூன்றாம் வரியில் ‘வாழ்க்கை’ வந்து இறங்கிவிடுகிறது. இல்லையென்றால் லயத்துப் பிள்ளை கையில் காசில்லாமல் வேடிக்கை பார்த்து நிற்கிறது. அந்த ஏழ்மை பொய்யில்லை. கவிதைதான் அங்கே இல்லை.

ஜப்பானியக் கவிதையைப் பற்றி பாரதி 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். மலையகத்துக்கும் இதில் உரிமை உண்டு: சு. முரளிதரனின் ‘கூடைக்குள் தேசம்’ 1988இலேயே வந்துவிட்டது. மூன்று வரி நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஹைக்கூவுக்கு வேண்டிய பருவம்தான் கூட வரவில்லை.

இரைச்சலும் ஒலிபெருக்கியும் நிறைந்த கார்னிவல் இந்த வடிவத்துக்கு ஒத்துவருமா என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைநிறுத்திய மசாவோகா ஷிகி, அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திறங்கிய பேஸ்பால் ஆட்டத்தையே ஹைக்கூவில் எழுதியவர். 2002இல் ஜப்பானின் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமும் கொடுத்தார்கள்! ஜப்பானியக் கவிஞர்கள் கையில் வைத்திருக்கும் பருவச்சொல் அகராதியான சைஜிகியைப் புரட்டினால் பாதிக் கார்னிவல் அதற்குள் இருக்கிறது. ஊஞ்சல், பலூன், காற்றாடி, சோப்புக் குமிழி ஆகியவை வசந்தத்துக்கு உரியவை. இரவுக் கடையும் தங்கமீனும் கோடைக்கு உரியவை. ஒரு பலூனைச் சொன்னாலே வெயில், காற்று, பூ எல்லாம் வாசகன் மனத்தில் தாமாக வந்துவிடும். அதனால்தான் பதினேழு அசைகள் அவர்களுக்குப் போதுகின்றன.

நமக்கு அந்தப் பட்டியல் உதவாது. ஜப்பான் இருக்கட்டும், மலைக்கு அந்தப் பக்கத்துப் பட்டியல்கூட உதவாது. ஆனி, ஆடியில் ஹட்டன் கார்னிவல் சேற்றில் நடக்கும். அதே நாட்களில் மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வரும் காற்று ஊவாவில் வறண்டு வீசும். கொழுந்தை வாட்டி, ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பதும் அந்தக் காற்றுதான். கார்னிவல் கூடாரத்தின் தகரத்தைத் தட்டுவதும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில்தான் பதுளைக்கு மழை. குறிஞ்சிக்கு இதே மாதங்களான கூதிர்ப் பருவத்தை வைத்த தொல்காப்பியர் பதுளைக்காரராகவே இருந்திருக்கலாம். சித்திரையில் புத்தாண்டு ஊஞ்சல், பிற்பகல் இடி. மாசியில் காமன் கூத்து, தப்புச் சத்தம். இவையெல்லாம் நம் கைக்கெட்டும் பருவச்சொற்கள்.

ஒரு மாதிரிக்கு:

மரணக் கிணறு –
மோட்டார் சைக்கிள் நின்றபின்
ஆடிக் காற்று.

இதைப் பெரிய கவிதை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ‘ஆடிக் காற்று’ என்றதும் மாதம் வந்துவிடுகிறது, இடம் வந்துவிடுகிறது, பலகை அதிர்ந்து அடங்கிய பிறகுள்ள காதின் நிலையும் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் ‘மனித வாழ்வு’ என்று போட்டுப் பாருங்கள், கிணறே மறைந்துபோகும்.

சென்ரியூ எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் கராய் சென்ரியூவின் பெயரால் வளர்ந்த அந்த வகைக்குப் பருவம் கட்டாயமில்லை. மனிதரைக் கேலி செய்வதே அதன் வேலை. டிக்கெட் கிழிப்பவரும், வளையம் எறிந்து தோற்கும் கணக்கப்பிள்ளையும் அதற்கு அருமையான ஆட்கள். அதை ஹைக்கூ என்று பெயரிட்டு அனுப்புவதுதான் தொல்லை.

இனிக் கவிதை அனுப்புகிறவர்கள் தாளின் ஓரத்தில் எந்த ஊர், எந்த மாதம் என்று குறித்து அனுப்புங்கள். பசறை, ஹாலி-எல, அப்புத்தளை, லுணுகலை என்று ஊர்வாரியாக அவற்றைச் சேர்த்துவந்தால் ஊவாவுக்கென்று ஒரு பருவச்சொல் பட்டியலைத் தொடங்கிவிடலாம்.