சீன நகரங்களில் இளம் தாய்மார்கள்: உடலுக்கு ஓய்வு உண்டு, மனத்துக்கு?

பிறப்பு எண்ணிக்கையை உயர்த்த சீன அரசு தொடர்ந்து சலுகைகளை அறிவித்து வருகிறது. 2021-இல் மூன்று குழந்தைகள் வரை பெற அனுமதிக்கப்பட்டது. 2025-இல், மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. எனினும், 2016-இல் 1.7 கோடிக்கும் அதிகமாக இருந்த பிறப்புகள் 2024-இல் 95.4 லட்சமாகக் குறைந்தன. செலவு பற்றிய இந்த விவாதத்தில், பிரசவித்த பெண்ணின் மனநலம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

பிரசவத்துக்குப் பின் ஒரு மாதம் வீட்டிலேயே ஓய்வெடுக்கும் 'சுவோ யுவேசி' மரபு நகரங்களிலும் தொடர்கிறது. குளிர்ந்த உணவும் தலைக்குக் குளிப்பதும் தவிர்க்கப்படுகின்றன. வசதியுள்ளோர் 'யுவேசாவோ' எனப்படும் பயிற்சி பெற்ற பணிப்பெண்ணை அமர்த்துகின்றனர். அல்லது தனியார் பராமரிப்பு மையங்களில் தங்குகின்றனர். மற்ற வீடுகளில் மாமியாரோ தாயோ இப்பொறுப்பை ஏற்கின்றனர்.

சிக்கல் உதவிக் குறைவால் மட்டும் எழுவதில்லை. உதவுபவரே கட்டளையிடுபவராகவும் இருப்பதே நெருக்கடி. தாய்ப்பால், உணவு, குழந்தையின் உறக்கம் என அனைத்திலும் மருத்துவர் கூறுவது ஒன்று, வீட்டார் கூறுவது வேறொன்று. மாமியாருடனான பிணக்குக்கும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை ஹாங்காங்கில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கணவர் இருந்தும் இல்லாததுபோல் பிள்ளை வளர்ப்பதைக் குறிக்க, 'துணையை இழந்தோர் பாணிக் குழந்தை வளர்ப்பு' என்ற சொல்லே சீன இணையத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

உலக அளவில் அண்மையில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேர் மனநலப் பாதிப்புக்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, உள்ளாவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. சீனத் தேசிய சுகாதார ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட திட்டம், கருவுற்ற பெண்களையும் பிரசவித்தவர்களையும் மனச்சோர்வுப் பரிசோதனைக்கான முக்கியப் பிரிவினராகச் சேர்த்தது. இது வரவேற்கத்தக்க தொடக்கம்.

ஆனால், பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. பல நாடுகளில் பயன்படும் எடின்பரோ வினாத்தாளில் பத்துக் கேள்விகளே உள்ளன. குடும்பத்தார் அருகில் நிற்கையில் அவற்றுக்கு உண்மையான பதில் கிடைப்பது அரிது. 'நாங்களும்தானே பெற்று வளர்த்தோம்' என்று மூத்தோர் ஒதுக்கிவிட்டால், பாதிப்பு கண்டறியப்பட்ட பெண்ணும் மருத்துவரிடம் செல்லத் தயங்குவார்.

தாயிடம் தனிமையில் பேசும் செவிலியர், மகப்பேறு மருத்துவமனையிலேயே மனநல ஆலோசனை, தந்தையருக்குப் போதிய விடுப்பு ஆகியவை இன்றி உதவித்தொகை மட்டும் போதாது. முதல் பிரசவத்தில் தனித்து விடப்பட்ட பெண், இரண்டாவது குழந்தை பற்றி எடுக்கும் முடிவைப் பணத்தால் மட்டும் மாற்றிவிட முடியாது.